அல்பத்தில் இல்லாத ஊர்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய அல்பம் இருக்கும். நேரம் கிடைக்கும்போது அதனை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உம்மாவின் கல்யாணப் படம், வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் வாசலில் நின்று எடுத்த படம், மூத்தவனின் கத்னா வீட்டுப் படம், பாடசாலையில் பரிசு வாங்கிய படம். முகங்களுக்குக் குறைவே இராது. ஆனால் அந்த முகங்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று என்றாவது கவனித்திருக்கிறீர்களா? ஸ்டூடியோக்காரர் தொங்கவிட்ட திரைச்சீலை. இல்லையென்றால் ஒரு சுவரின் துண்டு, ஒரு கதிரையின் கால், யாரோ ஒருவரின் முழங்கை. நீங்கள் பிறந்து வளர்ந்த தெரு அந்த அல்பத்தில் எங்கே? தண்ணீர் அள்ளிய பொதுக்கிணறு எங்கே? பள்ளிவாசல் மினாராவும் பக்கத்துத் தென்னந்தோப்பும் அதற்கப்பால் கடலும் ஒன்றாகத் தெரியும் ஒரு காட்சியாவது இருக்கிறதா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. என் வீட்டிலும் இல்லை.

புத்தளத்தில் குடியிருக்கும் வயதான தாய் ஒருவரை நான் அறிவேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் கட்டிய உடையோடு வந்து சேர்ந்தார். அல்பம் வரவில்லை. அது எப்படி வரும்? பொன்னும் பணமுமே பறிபோன வேளை அது. அவரிடம் இன்று இருப்பது ஒரேயொரு படம். அதுவும் கல்யாணமான புதிதில் கொழும்பிலிருந்த தங்கைக்கு அனுப்பி வைத்ததால் தப்பியது. படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். பின்னால் ஒரு ஏரி, அதில் இரண்டு அன்னங்கள், அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. எல்லாம் ஸ்டூடியோச் சீலையில் தீட்டிய சித்திரம்.

அவருடைய பேத்தி சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "உம்மம்மா, இதுதானா யாழ்ப்பாணம்?" என்று கேட்டாளாம். "நான் என்ன சொல்ல, மௌலவி? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது" என்றார் அந்தத் தாய்.

இது வடக்கின் கதை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எழுந்து வந்தபோது மருதமுனை, சாய்ந்தமருது போன்ற கிழக்கின் கரையோர ஊர்களில் தெருக்கள் முழுதாகப் போயின. உயிர் தப்பியவர்கள் திரும்பி வந்து, எங்கள் வளவு எது, அடுத்த வளவு எது என்று மணலில் கால் வைத்து அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஊரை அகலமாகக் காட்டும் ஒரு படம் எந்த வீட்டிலாவது இருந்திருந்தால்!

ஆகவேதான் இந்தக் கட்டுரை. ஓர் ஊரை, ஒரு மலைச்சாரலை, ஒரு கரையை இடமிருந்து வலம் வரை ஒரே நீளப் படமாகப் பிடிப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். இதனை 'பனோரமா' என்கிறார்கள். அதற்கான கமரா இன்று அனேகமாக உங்கள் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"மௌலவி எழுதும் கட்டுரையா இது?" என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உருவப் படங்கள் பற்றி உலமாக்களிடையே நீண்ட கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த விவாதத்தை இங்கே நான் திறக்கவுமில்லை. நாம் பேசுவது மரமும் மலையும் வீடும் வானமும் பற்றி. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, அதைச் செய்தே ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மத் பகீத் அல்-முதீஈ அவர்கள் புகைப்படத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்கள். புகைப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்தி வைப்பதே அன்றிப் படைப்பதல்ல என்பது அவர்களின் வாதம். அதை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். ஆனால் உயிரற்ற இயற்கைக் காட்சியில் அந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சூரா அல்-காஷியாவின் கடைசிப் பகுதியை ஓதும்போது சிந்தித்திருப்பீர்கள். ஒட்டகத்தை, பிறகு வானத்தை, பிறகு மலைகளை, பிறகு பூமியைப் பார்க்கும்படி அல்லாஹ் அங்கே தூண்டுகிறான். ஏன் இந்த நான்கு என்பதற்கு இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அழகான விளக்கம் தருகிறார்கள். பாலைவனத்தில் தனியே பயணம் செய்யும் அரபி தான் ஏறியிருக்கும் ஒட்டகத்தைக் காண்கிறான், தலைக்கு மேலே வானத்தை, எதிரே மலையை, காலுக்குக் கீழே நிலத்தைக் காண்கிறான் என்கிறார்கள். அகன்ற காட்சி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த கமராப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மக்காவை முதலில் படம் பிடித்தவர்

மக்கா, மதீனாவின் பழைய படங்களை நீங்கள் நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். கஃபாவைச் சுற்றி சிறிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வான தூண் மண்டபங்கள், அதற்கு மேலே மலையடி வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள். அத்தகைய படங்களை முதன்முதலில் எடுத்தவர் யார் என்று கேட்டால் ஏதோ வெள்ளைக்காரர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. அவர் எகிப்திய இராணுவத்தில் பொறியியல் அதிகாரியாகவும் நில அளவையாளராகவும் இருந்த முஹம்மத் சாதிக் பே என்ற முஸ்லிம்.

கெய்ரோவில் படித்து, பாரிஸிலும் கல்வி பெற்றவர் அவர். 1861ஆம் ஆண்டு, செங்கடல் துறைமுகமான அல்-வஜ்ஹிலிருந்து மதீனா வரையான பாதையை அளந்து வரும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அளவைக் கருவிகளோடு சேர்த்து ஒரு கமராவையும் அவர் எடுத்துப் போனார். மதீனாவின் முதல் புகைப்படங்கள் அப்படித்தான் பிறந்தன. தமக்கு முன் எவரும் இந்தப் படங்களை எடுத்ததில்லை என்று அவரே தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். பத்தொன்பது வருடங்கள் கழித்து, 1880இல், எகிப்திலிருந்து மஹ்மலோடு புறப்பட்ட ஹஜ்ஜுக் குழுவின் பொருளாளராக அவர் மக்கா சென்றார். ஹரமையும் நகரையும் புனித தலங்களையும் அப்போது படம் பிடித்தார். 1881இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் இந்தப் படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1902இல் அவர் வபாத்தானார்.

சகோதரிகளே, அந்தக் காலத்தில் ஒரு படம் எடுப்பது என்றால் என்ன என்று சற்று எண்ணிப் பாருங்கள். பிலிம் இல்லை. கண்ணாடித் தகடுதான். கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைத் தகட்டில் சீராகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காயும் முன்பே கமராவில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். மறுபடியும் ஈரம் காயும் முன்பே கூடாரத்துக்கு ஓடிவந்து கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். காய்ந்துவிட்டால் தகடு வீண். இது ஹிஜாஸின் வெயிலில்! கூடாரத்துக்குள் இரசாயன நெடி, வெளியே மணற்காற்று. கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு அங்கே என்ன விலை என்பதை ஹாஜிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் கமராவின் கண்ணுக்குள் முழு நகரமும் அடங்காது. ஆகவே சாதிக் பே ஒரு வேலை செய்தார். கமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, முதலில் ஒரு பக்கத்தை எடுத்தார். பிறகு கமராவைச் சற்றுத் திருப்பி அடுத்த பக்கத்தை எடுத்தார். முதல் படத்தின் ஓரத்தில் தெரிந்த வீடு இரண்டாவது படத்தின் ஓரத்திலும் கொஞ்சம் தெரியும்படி பார்த்துக்கொண்டார். பின்னர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தி ஒரே நீளக் காட்சியாக்கினார். பனோரமாவின் முழு இரகசியமும் இதுதான். நம் கையிலிருக்கும் போன் இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வதும் இதே காரியத்தைத்தான்.

அந்தப் படங்களின் பெறுமதி இன்றுதான் நமக்கு விளங்குகிறது. ஹரமுக்குத் தெற்கே குன்றின்மேல் உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 2002ஆம் ஆண்டு கோட்டையும் போனது, அது நின்ற குன்றும் போனது. அந்த இடத்தில்தான் இப்போது 601 மீற்றர் உயர மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அது சரியா பிழையா என்பதல்ல இங்கே நம் பேச்சு. இலட்சக்கணக்கான ஹாஜிகளுக்கு இடம் வேண்டும் என்பதும் உண்மைதானே. ஆனால் 'இங்கே ஒரு குன்று இருந்தது' என்பதற்குச் சாட்சி சொல்ல இன்று பழைய படங்கள் இருக்கின்றன. கஃபாவை மட்டும் நெருக்கமாக எடுத்திருந்தால் குன்று படத்தில் விழுந்திருக்காது. அகலமாக எடுத்ததால்தான் விழுந்தது.

இதே காலத்தில் மக்காவில் இன்னொரு புகைப்படக்காரரும் இருந்தார். பெயர் அல்-செய்யித் அப்துல் கஃப்பார், தொழிலால் வைத்தியர். மக்காவாசிகளில் முதல் புகைப்படக்காரர் அவரே. 1885இல் மக்காவில் தங்கியிருந்த ஸ்னூக் ஹுர்க்ரோன்ஜெ என்ற ஒல்லாந்து அறிஞர் அந்த வைத்தியர் எடுத்த படங்களை 1889இல் ஐரோப்பாவில் வெளியிட்டார். வைத்தியரின் கையொப்பம் அவற்றிலிருந்து நீக்கப்பட்டிருந்தது, பெயரும் சொல்லப்படவில்லை. பல்லாண்டுகள் கழித்தே அவரின் பங்கு உலகுக்குத் தெரிய வந்தது. படம் எடுத்தால் எடுத்தவர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்று என் மாணவிகளுக்கு நான் சொல்லும்போதெல்லாம் இந்த வைத்தியரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சுழலும் கமரா

துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதற்குப் பதில் கமராவையே சுழல வைத்தால் என்ன என்ற யோசனையும் அந்தக் காலத்திலேயே பிறந்துவிட்டது. 1843இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஜோசப் புக்பேர்கர் என்பவர் கைப்பிடியைச் சுற்றினால் வில்லை திரும்பும் கமரா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 150 பாகை அகலம் அதில் விழுந்தது. 1904இல் அமெரிக்காவில் 'சேர்கட்' என்ற கமரா காப்புரிமை பெற்றது. அது தன் முக்காலியின்மேல் தானே சுழலும். உள்ளே பிலிம் எதிர்த்திசையில் நகரும். பாடசாலைகளில் முழு மாணவர் கூட்டத்தையும் வரிசையாக நிறுத்தி இதனால் படம் எடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. கமரா இடது பக்கத்தைத் தாண்டியதும் அங்கே நின்ற குறும்புக்காரப் பையன் பின்பக்கமாக ஓடி வலது கடைசியில் போய் நின்றுகொள்வான். படத்தில் ஒரே பையன் இரண்டு முனையிலும் சிரித்துக்கொண்டிருப்பான்!

தொண்ணூறுகளில் நம்மூரிலும் சிலர் வெளிநாட்டிலிருந்து வரும்போது 'பனோரமா' என்று எழுதிய சிறிய கமராக்களைக் கொண்டு வந்தார்கள். ஒரு பொத்தானைத் தள்ளினால் அகலப் படம் வரும் என்றார்கள். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை பிலிமின் மேலும் கீழும் ஒரு பட்டியை மறைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அகலம் கூடவில்லை, உயரம்தான் குறைந்தது. நீளத் தாளில் அச்சடித்ததும் நாமும் அசந்துபோனோம்.

2012இல் ஐபோனில் இந்த வசதி சேர்க்கப்பட்டது. இப்போது சாதாரண போன்களிலும் கமராவைத் திறந்தால் 'பனோரமா' அல்லது 'பனோ' என்ற பகுதி இருக்கும். சில போன்களில் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு நொடியில் எடுத்துக் காட்டுவார்கள்.

எடுப்பது எப்படி?

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை குடும்பத்தோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போயிருந்தோம். 'உலக முடிவு' என்ற அந்தச் செங்குத்தில் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு நிலம் சட்டென்று விழுகிறது. நான் பாதுகாப்பாகப் பின்தள்ளி நின்று, கையை முழுதாக நீட்டி, போனைப் பிடித்து, கையை மட்டும் இடமிருந்து வலமாக வீசி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடுவானம் படிக்கட்டுப்போல உடைந்திருக்கிறது. முன்னால் நின்ற மரத்துக்கு இரண்டு அடிமரம், ஒரே உச்சி. என் மச்சானுக்கு மூன்று கால்! பிள்ளைகள் இன்றுவரை விடுவதாயில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? கையை நீட்டி வீசும்போது போன் ஒரே இடத்தில் நின்று திரும்புவதில்லை. அது ஒரு பெரிய வளைவில் நகர்கிறது. ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறது, தூரத்துச் சுவரோ அசையவில்லை. அதேபோல்தான் போன் நகர நகர, கிட்டே உள்ள மரம் தூரத்து மலையின்முன் இடம் மாறிக்கொண்டே போகிறது. துண்டுகளைப் பொருத்தும் கணக்கு அங்கேதான் பிசகுகிறது. ஆகவே முழங்கைகளை விலாவோடு ஒட்டி, போனை முகத்துக்குக் கிட்ட வைத்து, இரண்டு கையாலும் பிடியுங்கள். கையைத் திருப்பாமல், பாதத்தைச் சிறிது சிறிதாக எடுத்து வைத்து உடம்போடு திரும்புங்கள். இன்னும் நல்ல வழி, போன் உங்கள் காலுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் நிற்கிறது, நீங்கள் அதைச் சுற்றி நடக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்வது. கிட்டே உள்ள வேலி, தூண், மரக்கிளை எவையும் முன்னால் வராத இடமாகத் தேர்ந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

போனை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. நீளம் எப்படியும் கிடைத்துவிடும். நமக்குக் குறைவது உயரம்தான். திரையில் ஒரு அம்புக்குறியும் கோடும் தெரியும். அம்பு கோட்டைவிட்டு ஏறாமலும் இறங்காமலும், அவசரமின்றி, ஒரே வேகத்தில் போக வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், சூரா அல்-ஃபாத்திஹாவை நிறுத்தி நிதானமாக ஓதி முடிக்கும் நேரம் அரைவட்டத்துக்குப் போதும்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். அகன்ற காட்சியின் ஒரு முனையில் சூரியன் இருக்கும், மறுமுனை நிழலாக இருக்கும். நண்பகலில் எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். சூரியன் நேர் எதிரே வந்தால் ஊரே கறுத்துப்போகும். சூரியனை முதுகுக்குப் பின்னாலோ தோளுக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். சுபஹுக்குப் பிறகு வெயில் ஏறும்வரையும் அஸருக்குப் பிறகும் நல்ல நேரம். அப்போது நிழல்கள் நீண்டு விழும், மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரியும். எடுக்கத் தொடங்கும் முன், காட்சியில் நடுத்தர வெளிச்சமுள்ள இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்சத்தின் அளவு பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் படத்தின் இடப்பக்கம் ஒரு நிறமாகவும் வலப்பக்கம் வேறு நிறமாகவும் இருக்கும். மலைநாட்டில் இன்னொரு கவனம் வேண்டும். உலக முடிவில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். வேனில் பாட்டுப் போட்டு வழியில் நான்கு இடத்தில் தேநீர் குடித்துப் போகிறவர்கள் வெள்ளைச் சுவரைத்தான் படம் எடுப்பார்கள்.

நேரான தெரு பனோரமாவில் வில்லாக வளையும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். தெருவின் நடுவில் நின்று எடுத்தால் வாழைப்பழம் போலிருக்கும். போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சந்தியில் நின்றோ, தெருவைச் சற்றுத் தூரத்திலிருந்து பார்க்கும் ஓரிடத்தில் நின்றோ எடுத்தால் வளைவு குறையும். காத்தான்குடிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டக்களப்பு வாவி இருக்கிறது. கரையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். கிட்டே மறைப்பில்லை, தொடுவானம் நேராக இருக்கிறது, தண்ணீரில் வானமும் விழுகிறது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

நடப்பவர்களும் வாகனங்களும் குறுக்கே வந்தால் பாதி மனிதர், அரை ஆட்டோ என்று விழும். ஆளில்லா நேரம் பார்த்து எடுங்கள். ஓரிடத்தை மூன்று தடவையாவது எடுங்கள். முதல் தடவை ஒருபோதும் சரிவராது.

மொட்டை மாடியின் ஒழுங்கு

ஊரை எடுக்க உயரமான இடம் வேண்டும். நம் ஊர்களில் உயரமான இடம் என்றால் மொட்டை மாடிதான். அங்கேதான் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. மாடியில் நின்று போனைச் சுழற்றினால் அயல்வீட்டு முற்றம், கொல்லைப்புறம், கிணற்றடி, உடுப்புக் கொடி எல்லாம் விழும். முந்தானை நழுவிய நிலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரியும் விழலாம். பிறர் வீட்டுக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதே பார்வையைக் காப்பதற்காகத்தான் என்று ஹதீஸ் உணர்த்துகிறது. துவாரத்தின் வழியே பார்த்த கண் பார்த்ததோடு போய்விடும். போனில் விழுந்தது போகாது. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஊர் முழுக்க அனுப்பலாம்.

ஆகவே மாடியில் எடுப்பதானால் அயலவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். தொடுவானத்தைப் படத்தின் நடுவுக்குக் கீழே வரும்படி வைத்தால் முற்றங்கள் தப்பிவிடும், கூரைகளும் மரங்களும் மினாராவும் வானமும்தான் நிற்கும். எடுத்ததும் உடனே யாருக்கும் அனுப்பாமல், உட்கார்ந்து பெரிதாக்கி இடமிருந்து வலம் ஒருமுறை பாருங்கள். யாராவது விழுந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். இராணுவ முகாம், கடற்படைத் தளம் போன்றவை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். படமெடுக்கத் தடை என்ற பலகை இருக்கும் இடத்தில் வாதாடுவது நமக்கு வேண்டாத வேலை.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தவாஃபின் நடுவே போனை உயர்த்திச் சுழலாதீர்கள். பின்னால் வருபவர்கள் உங்கள்மேல் மோதுவார்கள், உங்கள் மனமும் அம்புக்குறியில் போய்விடும். இபாதத் எல்லாம் முடிந்தபின், தங்குமிடத்தின் ஜன்னலிலிருந்து மலைகளை ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். சாதிக் பேயின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

படத்தைப் போனுக்குள்ளேயே வைத்திருப்பது பிலிமைக் கழுவாமல் வைத்திருப்பதற்குச் சமம். போன் தண்ணீரில் விழும், களவு போகும், குழந்தை அழித்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிப் போகும், 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். நல்லதாக ஒன்றைத் தேர்ந்து ஸ்டூடியோவில் நீளத் தாளில் அச்சடியுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம். அந்தத் தாயின் ஒரே படம் தப்பியது அப்படித்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். எந்த இடத்தில் நின்று, எந்தத் திசை பார்த்து, எந்தத் திகதியில், யார் எடுத்தது. பிறகு ஒவ்வொரு வீடும் யாருடையது, எந்த மரம், எந்த ஒழுங்கை. இதை எழுத வீட்டிலுள்ள மூத்தவர்களை உட்கார வையுங்கள். ஒரு கூரையைக் காட்டினால் ஒரு மணி நேரக் கதை வரும்.

புத்தளத்துத் தாயின் பேத்தி இப்போது வளர்ந்த பெண். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு தன் வாப்பாவோடு யாழ்ப்பாணம் போனாள். சோனகத் தெருவில் பல வீடுகளுக்குக் கூரையில்லை, சுவர்களுக்குள் மரம் முளைத்திருந்தது, சில வீடுகளில் மட்டும் விளக்கெரிந்தது. உம்மம்மா சொல்லியனுப்பிய சந்தியில் நின்று, மூன்று தடவை சுழன்று, ஒரு நீளப் படம் எடுத்து வந்தாள். அச்சடித்து உம்மம்மாவின் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குர்ஆன் ஓதுவதுபோல் வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தொடங்கினார். ஒவ்வொரு இடிந்த சுவராக விரல் நகர, பேத்தி பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். தையல்கார மாமா வீடு. ஓதிக் கொடுத்த லெப்பை வீடு. கிணறு. கிணற்றடிப் புளியமரம், இப்போது இல்லை. எங்கள் வீடு. அதற்கு அடுத்த வீட்டில் விரல் நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்கள் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு வருவார்கள், அவர்களின் மூத்த மகளுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம், எல்லாம் நினைவிருக்கிறது, பெயர் மட்டும் வரவில்லை. யாழ்ப்பாணத்தார் பலரிடம் போனில் விசாரித்தார்கள். அந்தப் படத்தின் பின்பக்கத்தில் அந்த ஒரு வீட்டுக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.